ஒரு உழக்குக் கட்டி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கணக்கு டீச்சர் வேலையோடு வந்த வியாதி என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். வேலை கிடைப்பதற்கு முன்னாடியே இருந்தது என்று என் அம்மா சாட்சி சொல்லுவாள். அந்த வாயை வைத்துக்கொண்டு ஒரு தடவை என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளப் பார்த்தேன். போடவிடாமல் கையைப் பிடித்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி என் அம்மா. இன்னொருவர் மதுரையில் ஸ்கேன் படங்களைப் பார்த்துக் கட்டியை அளக்கிற ஓர் அக்கா. அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சிக்கல் என்கிற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். மழையை நம்பி மிளகாய் போடுகிற குடும்பம். வீட்டில் வருஷம் முழுக்க வத்தல் நெடி இருக்கும் என்பதால் எனக்கு இருமல் வந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வலது பக்கக் கழுத்தில், காறை எலும்புக்குமேல் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்ட பிறகும், நெறி கட்டியிருக்கிறது, சுண்ணாம்பு தடவினால் அமுங்கிவிடும் என்றார்கள். நானும் தடவிக்கொண்டு கடலாடிப் பக்கம் என் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தேன். எட்டாம் வகுப்புக்குக் கன அளவு நடத்திக்கொண்டிருந்த நேரம். ஒருநாள் பாதிப் பாடத்தில் மூச்சு வாங்கி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம்தான் மதுரைக்குப் போனோம். லிம்போமா என்றார் டாக்டர். நிணநீர் முடிச்சுகளில் வருகிற புற்றுநோய். கழுத்தில் இருந்தது கொஞ்சம்தான், நெஞ்சுக்குள்தான் பெரிய குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது.

பெட் ஸ்கேன் எடுத்தார்கள். சர்க்கரையோடு கொஞ்சம் கதிர்வீச்சு மருந்தைச் சேர்த்து நரம்பில் ஏற்றுவார்கள். உடம்பில் எந்த இடம் சர்க்கரையை அள்ளித் தின்கிறதோ அந்த இடம் படத்தில் வெளிச்சமாகத் தெரியும். இந்தக் கட்டி பெருந்தீனிக்காரக் கட்டி. அந்த வெளிச்சத்தையெல்லாம் அளந்து கூட்டினால் உடம்பில் மொத்தம் எவ்வளவு கட்டி இருக்கிறது என்று ஓர் எண் வரும். எனக்கு முந்நூற்று நாற்பது மில்லி வந்தது. மருந்துக்குக் கட்டி கேட்கிறதா, கேட்கவில்லையா என்பதற்கு இந்த எண்தான் சாட்சி என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டது ஒரே கேள்வி. "எம்புட்டுத்தா இருக்கு?"

முந்நூற்று நாற்பது மில்லி என்றேன். அவளுக்கு மில்லி விளங்கவில்லை. யோசித்துப் பார்த்து, ஏறக்குறைய ஒரு உழக்கு என்றேன். அம்மா அடுப்படிக்குப் போய் அரிசி அளக்கிற பித்தளை உழக்கை எடுத்துவந்தாள். அதில் தண்ணீரை ஊற்றித் தரையில் வைத்துவிட்டு அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதுவிடுவாள் என்று நான் பயந்தேன்.

"இம்புட்டுத்தானா?" என்றாள். "இதையா கரைக்க முடியாது?"

தண்ணீரை முருங்கை மூட்டில் ஊற்றிவிட்டு உழக்கைப் பரணில் கவிழ்த்து வைத்தாள். கட்டி அளந்த உழக்கில் இனிமேல் அரிசி அளக்கக் கூடாதாம். மறுநாளிலிருந்து டம்ளரில்தான் அரிசி அளந்தாள். சோறு ஒருநாள் மிஞ்சும், ஒருநாள் காணாது. நான் கேலி செய்வேன். ஆனால் அந்த 'இம்புட்டுத்தானா'வைப் பிடித்துக்கொண்டுதான் முதல் இரண்டு மருந்துகளைத் தாண்டினேன் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

டாக்டர் கணக்கைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். நாலு தடவை மருந்து ஏற்றுவோம். பிறகு மறுபடியும் ஸ்கேன். அந்த எண் நன்றாகக் குறைந்திருந்தால் இன்னும் இரண்டு தடவையோடு முடிந்தது. குறையாவிட்டாலோ, புது இடத்தில் வெளிச்சம் தெரிந்தாலோ இந்த மருந்து சரிவரவில்லை என்று அர்த்தம். அதைவிடக் கடுமையான மருந்து, அதற்குப்பின் எலும்பு மஜ்ஜைச் சிகிச்சை. சென்னையில் ஆறேழு மாதம் இருக்க வேண்டிவரும். அதில் பல நாள் கண்ணாடி அறைக்குள். குழந்தையைக் கிட்டவே விடமாட்டார்கள்.

என் மகளுக்கு அப்போது நாலு வயசு. என் காதைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும் அவளுக்கு. ஆகவே அந்த ஸ்கேனில் வரப்போகிற எண் எனக்கு வெறும் எண் அல்ல.

ஸ்கேனுக்குப் பத்து நாள் இருக்கும்போது அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆட்டிக் கூட்டிவருவதாக எனக்காக வேண்டிக்கொண்டாளாம். அதுவும் ஸ்கேனுக்குப் போகிற அன்று காலையிலேயே. தீர்த்தமாடிய ஈரம் உடம்பிலேயே காய வேண்டும், துவட்டக் கூடாது, அப்படியே போய்ப் படம் எடுக்க வேண்டும் என்பது வேண்டுதலின் ஷரத்து. சாமியோடு பேசும்போதும் அம்மா வத்தல் ஏவாரம் பேசுகிற மாதிரிதான் பேசுவாள், ஓட்டை ஒடிசல் இல்லாமல்.

நான் கோபத்தில் ஆடித் தீர்த்துவிட்டேன். மருந்து ஏற்றுகிற உடம்பு, கூட்டத்துக்குள் போகாதே, கண்ட தண்ணீரில் குளிக்காதே என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார், உனக்கு மூளை இருக்கிறதா என்று என்னவெல்லாமோ பேசினேன். அம்மா பதில் பேசவில்லை. அவள் பேசாமலிருந்தால் வீட்டில் காற்றே நின்றுபோன மாதிரி இருக்கும். மூன்றாம் நாள் நானே சரி என்றேன். அம்மாவின் முகத்துக்காகப் போனேன் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். அது முழு உண்மை இல்லை. எனக்கும் பயம் வந்துவிட்டது. யார் கண்டது, செய்யாமல் விட்டு எண் ஏறிவிட்டால்?

மார்கழி மாதம். மிளகாய்க்குக் களையெடுப்பு நேரம் என்பதால் வீட்டுக்காரர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்தார். அம்மாவும் நானும் வாடகைக் காரில் முந்தின நாள் மத்தியானமே கிளம்பி, தங்கச்சிமடத்தில் அம்மாவிடம் வத்தல் வாங்கிப் பழக்கமான ஒரு குடும்பத்தில் தங்கினோம். அந்த வீட்டு அம்மா அன்று சாயங்காலம் மாதா கோயிலில் எனக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து, ஸ்கேனுக்காக வெறும் வயிற்றோடு போகிற பிள்ளைக்கு மாதாவும் துணைக்கு வேண்டாமா என்றார். அவருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

விடியும்போது கடலில் முழுக்கு. பிறகு கோயிலுக்குள் ஒவ்வொரு கிணறாக. கிணற்றுச் சுவரில் ஏறி நிற்கிறவர் வாளியை இறக்கி, இழுத்து, நம் தலையில் கவிழ்ப்பார். வாடைக் காற்று. ஏழாவது வாளியில் பல் கிட்டிக்கொண்டது. பன்னிரண்டாவதில் அம்மாவைத் திட்டுவதற்குக்கூட வாய் வரவில்லை. இருபத்திரண்டு முடிந்ததும் ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள் என்பதால் அம்மா வெளியே நின்றபடியே கோபுரத்தைக் கும்பிட்டாள். அப்படியே காரில் ஏறினோம். பாம்பன் பாலத்தில் ஜன்னல் வழியாகக் காற்று வெட்டியது. ஜன்னலைச் சாத்தச் சொன்னால் டிரைவர் ஏசியைப் போட்டுவிட்டார். மதுரை வரைக்கும் மூன்றரை மணி நேரம். சேலை என் மேலேயே காய்ந்தது.

ஸ்கேன் சென்டரில் ஒரு தாள் கொடுத்தார்கள். சாப்பிட்டீர்களா, சர்க்கரை வியாதி உண்டா, நேற்று கடினமான வேலை ஏதும் செய்தீர்களா, கர்ப்பமா. எல்லாவற்றுக்கும் உண்மையாக இல்லை, இல்லை என்று எழுதினேன். குளித்தாயா என்று யாரும் கேட்கவில்லை. தலையில் முடி இருந்திருந்தால் ஈரத்தைப் பார்த்துக் கேட்டிருப்பார்கள். எனக்குத்தான் மருந்தில் மொத்தமும் கொட்டி, தலை சுரைக்குடுக்கை மாதிரி இருந்ததே. ஊசி போட்டு ஒரு மணி நேரம் குளிர் அறையில் அசையாமல் படுக்க வைத்தார்கள். நடுக்கத்தை அடக்கிக்கொண்டு படுத்திருந்தேன். கம்பளி கேட்டால் ஏன் என்று கேட்பார்களோ என்று கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து டாக்டர் கூப்பிட்டார். நெஞ்சில் நன்றாகக் குறைந்திருக்கிறது என்று ஆரம்பித்தார். அந்த 'ஆனால்' எப்போது வரும் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது. கழுத்தின் இரண்டு பக்கமும், தோள்பட்டை வரைக்கும், முதுகெலும்பு ஓரத்திலும் நிறைய வெளிச்சம். முன்பு இல்லாத இடங்கள். மொத்தம் இருநூற்றுப் பத்து மில்லி. இது கம்ப்யூட்டர் தானாகப் போட்ட கணக்குத்தான், அளக்கிறவர் கையால் வரைந்து சரிபார்த்துக் கொடுப்பார், வெள்ளிக்கிழமை முடிவாகச் சொல்கிறேன், ஆனாலும் சென்னைக்குப் போக மனசைத் தயார்பண்ணிக்கொள்ளுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து மகளுக்கு ஒரு துணிப் பொம்மை வாங்கிக் கொடுத்து, இனிமேல் இதன் காதைப் பிடித்துத் தூங்கிப் பழகு என்றேன். அவள் பொம்மையின் காதை இழுத்துப் பார்த்துவிட்டு, இது சுடவே இல்ல என்றாள். வெதுவெதுப்பாக இல்லையாம். நான் கொல்லைப்பக்கம் போய் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்து வந்ததும் கோபம் முழுக்க அம்மா மேல் திரும்பியது. உன் சாமி செய்த வேலையைப் பார்த்தாயா, ஒரு உழக்கு உடம்பெல்லாம் பரவினதுதான் மிச்சம் என்றேன். பெற்றவளைப் பார்த்துச் சொல்லக்கூடிய சொல்லா அது. அம்மா அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் போன் வந்தது. மதுரையிலிருந்து, என் படங்களை அளக்கிற அக்கா. குரல் நிதானமாக இருந்தது. நான் ஸ்பீக்கரில் போட்டேன், காதோரம் போனை வைத்தால் தலை வலித்த காலம் அது. அம்மா பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், ஒரே ஒரு விஷயம் கேக்கணும். ஸ்கேன் எடுத்த அன்னைக்குக் காலையில ரொம்ப நேரம் குளிர்ல இருந்தீங்களா?"

டாக்டர் செய்யாதே என்று சொன்னதைச் செய்தது தெரிந்துபோயிற்றா? ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லித்தருகிறவள், படித்தவள், கிணற்றுத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வந்தேன் என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

"இல்லையே மேடம்" என்றேன்.

நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்று வெடுக்கென்று பேசினேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. சரி டீச்சர் என்று வைக்கப் போனார். கீரைக் கையோடு அம்மா போனைப் பிடுங்கினாள்.

"வச்சிராத தாயி. அவ பொய் சொல்றா. விடியக்காலம் ராமேஸ்வரத்துல இருபத்திரெண்டு கிணத்துத் தண்ணியும் அவ தலையில ஊத்துனோம். ஈரச்சேலையோடதான் மதுரைக்குக் கூட்டியாந்தேன். எல்லாம் எந்தப்பு. அவள ஒண்ணும் சொல்லிராதீக."

பிறகு அந்த அக்கா, "கார்ல ஏசி போட்டிருந்தாங்களாம்மா?" என்று கேட்டார். போட்டான் தாயி, சொன்னாலும் கேக்கல என்றாள் அம்மா. அந்த அக்கா சிரித்துவிட்டார். சிரித்ததற்கு உடனே மன்னிப்பும் கேட்டார். அம்மாவிடமிருந்து போனை வாங்கி நான் கேட்டுக்கொண்டது இதுதான்.

உடம்பில் பழுப்பு நிறத்தில் ஒரு கொழுப்பு உண்டு. கழுத்திலும் தோளிலும் முதுகெலும்பு ஓரத்திலும் இருக்கும். ஒல்லியான, சின்ன வயசுக்காரர்களுக்குக் கூடுதலாக இருக்கும். குளிர் அதிகமானால் உடம்பைச் சூடாக்க அது அடுப்பு மாதிரி எரியும். எரிவதற்குச் சர்க்கரையைத் தின்னும். தின்றால் படத்தில் கட்டி மாதிரியே வெளிச்சம் போடும். கம்ப்யூட்டருக்கு வெளிச்சம்தான் தெரியும், கட்டியா கொழுப்பா என்று தெரியாது. அந்த அக்காவுக்குப் பார்த்ததுமே சந்தேகம். இரண்டு பக்கமும் ஒரே சீராக இருந்ததாம், கட்டி அப்படி அளவெடுத்து வராது. ஆனால் வலது கழுத்தில், முன்பு கட்டி இருந்த அதே இடத்தில், இரண்டும் கலந்து கிடந்தது. கொழுப்பு என்று விட்டுவிட்டு அது கட்டியாக இருந்தால் என் உயிர். கட்டி என்று சேர்த்துவிட்டு அது கொழுப்பாக இருந்தால் சென்னை. நம்ம ஊர் வெயிலில் இது அவ்வளவாக வராதே, இந்த டீச்சர் எங்கே போய்க் குளிரில் நின்றிருப்பார் என்றுதான் போன் செய்தாராம். நான் இல்லை என்றதும், வேறு வழியில்லை, கழுத்தையும் கணக்கில் சேர்த்துவிடலாம் என்று முடிவுசெய்துவிட்டாராம்.

ஒரு பெருமூச்சு நேரம்தான் மிச்சம் இருந்திருக்கிறது. அதற்குள் அம்மா பிடுங்கிவிட்டாள்.

அவரே டாக்டரிடம் பேசிக் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் மட்டும் மறுபடி படம் எடுக்க ஏற்பாடு செய்தார். இந்தத் தடவை அம்மா ஒரு கம்பளியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வந்தாள். ஊசி போடுவதற்கு முன்னாலிருந்தே என்னைக் கழுத்துவரை சுற்றி உட்கார வைத்தார்கள். மார்கழியிலும் எனக்கு வேர்த்து ஊற்றியது. ஏசியை நிறுத்தச் சொல்லி அம்மா அங்கன வேலைபார்க்கிறவர்களை ஒருவழி பண்ணிவிட்டாள்.

படம் வந்ததும் அந்த அக்கா எங்கள் இருவரையும் தன் மேஜைக்குக் கூப்பிட்டுக் காட்டினார். ஐம்பது வயசு இருக்கும். கண்ணாடிக்குள் கண் சிவந்திருந்தது. பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவுகிற மாதிரி என் உடம்பைக் குறுக்கே மெல்லிசாகச் சீவிய படங்கள், நூற்றுக்கணக்கில். ஒவ்வொரு சீவலிலும் கட்டியின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போடுகிறார். கோட்டுக்குள் இருக்கிற பரப்பை அந்தச் சீவலின் கனத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் கன அளவு. நான் வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு நடத்துகிற பாடம்தான். ஆனால் என் பாடத்தில் செங்கல்லும் தண்ணீர்த் தொட்டியும்தான் வரும், கோணல்மாணலான எதுவும் வராது. முதல் தடவை முந்நூற்று நாற்பதையும் இப்படித்தான் வரைந்தாராம், ஒரு முழு நாள் ஆயிற்றாம். முன்பின் தெரியாத ஒரு பெண் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து என் உடம்புக்குள் கோடு போட்டிருக்கிறார். நான் அவரிடம் வெடுக்கென்று பேசியிருக்கிறேன். பொய் சொன்னதுக்கு மன்னிச்சிருங்க அக்கா என்றேன். எங்கிட்ட நிறையப் பேரு பொய் சொல்லுவாங்க டீச்சர், பக்கத்துல அம்மா இருக்கிறதுதான் அபூர்வம் என்றார்.

கழுத்து இருட்டாக இருந்தது. வலது பக்கமும் இருட்டு. நெஞ்சில் மட்டும் சின்ன வெளிச்சம். மொத்தம் பதினெட்டு மில்லி.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். கைப்பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சங்கு இருக்கே, அதுல ஒரு சங்கு என்றேன். அம்மா அந்த அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சென்னைக்குப் போக வேண்டாம் என்று டாக்டர் சொன்னதையும், தீர்த்தமாடியதற்காக எனக்குக் கிடைத்த வசவையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டேன். வசவுகூட அன்று இனித்தது.

மீதி இரண்டு மருந்தும் ஏறி முடிந்து, பங்குனியில் கடைசி ஸ்கேன். அதே தாள். ஆனால் கடைசியில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. 'இன்று காலை கடலிலோ கிணற்றிலோ குளித்தீர்களா? தீர்த்தமாடினீர்களா?' அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஏத்தா, இது நம்மளத்தான எழுதியிருக்காக என்று அவளுக்கு ஒரே பெருமை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நான் அந்த வரிக்கு நேராக இல்லை என்று எழுதினேன். இந்தத் தடவை அது நிஜம்.

மறுநாள் அந்த அக்காவே போன் செய்தார். "வரையுறதுக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். பூரா இருட்டு." இருட்டு என்ற சொல்லைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அன்று சாயங்காலம் அம்மா பரணில் ஏறி உழக்கை எடுத்தாள். பச்சை பிடித்திருந்தது. புளி போட்டுத் தேய்த்தாள், கழுவினாள், மறுபடியும் தேய்த்தாள். பிறகு அரிசிப் பானைக்குள் விட்டு முழுசாக அள்ளி, உழக்கின் தலையை வழித்துவிட்டு, உலைக்கு அளந்தாள். மகள் என் மடியில் காதைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். எனக்கு அம்மாவின் சாமியை இழுத்து அன்றைக்குப் பேசின பேச்செல்லாம் நெஞ்சுக்குள் வந்து நின்றது.

"அம்மா, நீ மட்டும் போனைப் பிடுங்கலேன்னா நான் போயிருப்பேன். என்னையப் பொழைக்க வச்சது நீதான்" என்றேன்.

"ஆமா, குளிக்க வச்சவளும் நாந்தான" என்று சொல்லிவிட்டு அம்மா இரண்டாவது உழக்கை அளந்தாள்.